பார்க்காமல் எழுதிய நிறம்

என் பிலோவுக்கு,

"அன்புள்ள மனைவிக்கு" என்று ஆரம்பித்தால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது ஒரு வரி எழுதாதவன், நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வரப்போகிற கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் அச்சடிக்கும் மலரில் இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தரலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம். இது போகும். வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளட்டும்.

நேற்று உன் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வந்தேன். மழை பெய்ததில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. குனிந்து நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நைட் ஷிப்ட் இப்போதெல்லாம் முன்போல ஒத்துக்கொள்வதில்லை. ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான், பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று நம் பெண் ஜெனி முன்பே கேட்டாள். எனக்கு அதைப் பற்றி யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதை பேசியே பக்கத்தை நிரப்பிவிடுவேன். உன் நண்டு ரிசல்ட் தப்பு, பிலோ. தப்பு உன்னுடையது இல்லை. நான் செய்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும். அவர்களுக்கு நீ பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்ற பிலோமினா டீச்சர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தவள். நாற்பத்தாறு வயதில், பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, நானும் ஆராய்ச்சி பண்ணப்போகிறேன் என்று கிளம்பியவள் என்பது சிலருக்குத்தான் தெரியும். பட்டம் வாங்கி என்ன ஆகப் போகிறது, சம்பளம் ஏறுமா என்று நான்கூடக் கேட்டேன். "ஒண்ணும் ஏறாது ஜெனி அப்பா. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றாய். அதற்கு மேல் என்ன கேட்பது?

உனக்குத் தெரிய வேண்டியிருந்தது இறாலின் நிறம். நான் வேலை பார்க்கிற நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் விரல் நீளத்துக்கு இறால் கிடக்கும். கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் இருப்பது தெரியும். அதை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் விட்டால் வெளுத்துவிடும், கறுப்புக் கிண்ணத்தில் விட்டால் கறுத்துச் சிவந்துபோகும். நான் பிறந்தது கம்மாபுரத்துப் பக்கம். சின்ன வயசில் எத்தனை இறால் பிடித்திருப்பேன், இது தெரியாது. பிடித்தோம், வறுத்தோம், தின்றோம்.

தோலுக்கு அடியில் சின்னச் சின்ன நிறப்பைகள் இருக்கின்றன என்று நீ மைக்ராஸ்கோப்பில் காட்டினாய். பை அதே அளவில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் சிவப்பு மட்டும் ஒரு புள்ளியாகச் சுருங்கும், இல்லாவிட்டால் வேட்டியில் வெற்றிலைச் சாறு ஊறுகிற மாதிரி நாலா பக்கமும் பரவும். சுருங்கு என்று சொல்வது ஒரு ஹார்மோன். அது இருப்பது கண்ணைத் தாங்கும் காம்பில். காம்பை வெட்டிவிட்டால் சுருங்கச் சொல்ல ஆள் இல்லை, இறால் முழுக்கச் சிவந்துவிடும். கண் போன இறாலுக்கு வெள்ளைக் கிண்ணமும் கறுப்புக் கிண்ணமும் ஒன்றுதான். வேறு இறாலின் கண்காம்பை அரைத்து, கொதிக்க வைத்து, வடிகட்டி ஊசியில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளுக்கும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் திரும்பச் சிவக்கும்.

முதல் தடவை காம்பை வெட்டும்போது சிலுவை போட்டுக்கொண்டாய். அன்றைக்கு இராத்திரி இறால் தொக்கை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சாப்பிட்டாய். நான் அதைச் சொல்லிச் சிரித்தபோது உனக்குக் கோபம் வந்தது. "அது வேற, இது வேற" என்றாய். என்ன வேற என்று கடைசி வரைக்கும் நீ சொல்லவே இல்லை.

இறாலின் காம்பு இறாலுக்கு வேலை செய்யும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நண்டின் காம்பும் இறாலுக்கு வேலை செய்யும் என்பதும் முன்பே எழுதியிருக்கிறார்கள். உன் கேள்வி, நம் வயல் நண்டின் மருந்து எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. இறால் மருந்தைவிடக் கூடுதலாகவா, குறைச்சலாகவா? நீ போவதற்கு முந்தின நவம்பர் மழையில் நண்டு நிறையக் கிடைத்தது. ஒரு வாரத்தில் மூன்று நாள் சோதனை வைத்துக்கொண்டாய். மிச்ச நண்டெல்லாம் ரசமாகியது. தட்டில் கண்ணில்லாத நண்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா, "என்னாங்க டீச்சர், ஒண்ணுக்கும் கண்ணைக் காணோம்?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும்.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் ஏழரைக்கு, ஐந்து கிண்ணத்தில் கிண்ணத்துக்கு ஒன்றாக இருக்கும் கண்காம்பு வெட்டிய இறாலுக்கு நீ நண்டு மருந்தை ஊசி போடுவாய். எட்டு மணி ரீடிங்கை நீ எடுத்துவிட்டு ஸ்கூலுக்குப் போவாய். ஒன்பதிலிருந்து மூன்று மணி வரைக்கும் மணிக்கு ஒரு தடவை நான் லென்ஸில் பார்த்து நம்பர் போட வேண்டும். சிவப்பு புள்ளியாக இருந்தால் ஒன்று. முழுக்கப் பரவி வலை மாதிரி இருந்தால் ஐந்து. நடுவில் இரண்டு, மூன்று, நான்கு. நாலேகாலுக்கு நீ வந்து கடைசி ரீடிங் எடுப்பாய். எட்டு மணி நேரம் பம்ப் ஹவுஸில் கண் விழித்துவிட்டு வந்தவனிடம் கொடுக்கிற வேலையா இது? ஆனால் உனக்கு வேறு ஆள் இல்லை. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

என் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பம்ப் ஆபரேட்டர். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, தண்ணீர் அழுத்தம் எவ்வளவு என்று மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். நல்லபடியாக ஓடுகிற பம்பில் ஒன்பது மணிக்கு இருப்பதுதான் பத்து மணிக்கும் இருக்கும். முப்பது வருஷம் பார்த்தவனுக்கு அது மனப்பாடம். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு மணி நேரத்துக்கு முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறேன். கூட வேலை பார்த்தவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். நான்தான் அப்படி. மோட்டார் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும் என்று பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

முதல் நாள் ஒன்பது மணிக்குப் பார்த்தேன், எல்லாம் ஒன்று. பத்து மணிக்கும் ஒன்று. ஐந்து நிமிஷம் சாயலாம் என்று கட்டிலில் சாய்ந்தேன். எழுந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வெளியே நல்ல மழை. ஓடிப் போய்ப் பார்த்தால் ஐந்தும் நன்றாகச் சிவந்திருந்தன. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, நாலு கட்டமும் காலி. கையில் பேனா இருந்தது. யோசிக்கவே இல்லை, பிலோ. பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஐந்து, நடுவில் என்ன வரும்? ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இருக்காது என்று ஓரிரண்டை மாற்றிப் போட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் மட்டும் இருந்தது.

நீ வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணி வரைக்குமா தாங்குது?" என்றாய். நனைந்த குடையைக்கூட மடிக்கவில்லை. இறால் மருந்து பன்னிரண்டுக்குள் தீர்ந்துவிடும் என்று உனக்கு முன்பே தெரியும். "சரியாப் பார்த்தீங்களா?" என்று கேட்டாய். "பார்த்துக்கினுதான இருந்தேன்" என்றேன்.

மூன்று நாளும் ஒத்துவந்ததும் நீ கேசரி கிண்டினாய். எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாய். "இது யாரும் எழுதாததுங்க. நம்ம வயல் நண்டு மருந்து ரொம்ப நேரம் தாங்குது. இதை மொத முறையா நான்தான் பார்க்கறேன்" என்றாய். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, ஜெனி பிறந்த அன்றைக்குத் தவிர. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு தவக்காலத்தில் உன் வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரி, ஸ்கேன், பாண்டிச்சேரிக்கும் இங்கேயுமாக அலைச்சல். ஜெனி சென்னையிலிருந்து லீவு போட்டு வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தீசிஸை டைப் அடித்தாள். நண்டு அத்தியாயத்துக்கு அவள் கிராப் போட்டுக் காட்டினாள். நீ படுத்தபடியே அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாய். "மத்ததெல்லாம் விட்டாலும் பரவால்ல. இந்த ஒண்ணு என் பேர்ல வந்துட்டாப் போதும்" என்று அவளிடம் சொன்னாய். நான் தலைமாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. நோயாளியிடம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ ஜூலையில் போய்விட்டாய்.

உன் கைடு வசந்தா மேடம் நல்ல மனுஷி. முப்பது நாள் பூசைக்கு வந்தபோதே, இந்த அத்தியாயத்தை ஒரு கட்டுரையாக ஆக்கி பிலோமினா பெயரில் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். இந்த ஆகஸ்டில் போன் வந்தது. "சார், எல்லாம் ரெடி. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரிஜினல் ரீடிங் நோட்டை ஒரு தடவை பார்த்துக்கறேன். கொண்டு வந்து குடுக்க முடியுமா?" என்றார். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டு மூன்று வாரம் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றேன், ஷிப்ட் மாறிவிட்டது என்றேன். ஜெனி வேறு தினம் போன் பண்ணினாள். "நோட்டு குடுத்துட்டீங்களாப்பா?" என்பாள். அம்மா பெயர் அச்சில் வருவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு பேச்சே இல்லை.

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியார் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும், என் பங்கை நான் சொல்லலாம் இல்லையா?

"இறாலுக்குப் பொய் நம்பர் போட்டேன் சாமி" என்றேன்.

"விக்கறதுக்கா?"

"இல்ல சாமி. ஆராய்ச்சிக்கு. வூட்டுக்காரம்மா ஆராய்ச்சி."

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அவங்க இறந்துட்டாங்க சாமி."

"அப்ப உயிரோட இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். மூன்று 'அருள் நிறை மரியே' ஜெபமும் சொல்லச் சொன்னார். அதை அங்கேயே சொல்லி முடித்தேன். மற்றது கஷ்டம்.

ஜெனியிடம் முதலில் சொன்னேன். போனில்தான், நேரில் சொல்ல தைரியம் இல்லை. அசதியில் தூங்கிவிட்டேன், நாலு கட்டத்தை நானாக நிரப்பினேன் என்று சொன்னேன். "இப்ப ஏம்பா சொல்றீங்க? அம்மாவே போயாச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள். "உங்க மனசு லேசாகணும்னு அம்மா பேரைக் கெடுக்கறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது உண்மையோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மேடத்திடமும் அதையே சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் உக்காந்து பாக்கறேன் சார். அதே வாய்க்கால் இறால், அதே தண்ணி, வயல் நண்டு. மறுபடி பண்ணிப் பார்ப்போம். ஒருவேளை ரெண்டு மணி வரைக்கும் தாங்கினாலும் தாங்கும்" என்றார். பிலோ, நான் அதற்காக வேண்டிக்கொண்டேன். என் பொய் நிஜமாகட்டும் என்று மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். இந்த வயசில் இப்படி ஒரு வேண்டுதல்.

மூன்று சனிக்கிழமை மேடம் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்தார். நம் பின் அறையில் உன் மேஜையிலேயே வைத்துக்கொண்டோம். அதே ஏழரைக்கு ஊசி அவர் போட்டார், ரீடிங்கை நான் எடுக்க வேண்டும் என்றார். "அவங்களுக்காக ரீடிங் எடுத்த கண்ணே இப்பவும் எடுக்கட்டும்" என்றார். கூடவே அவரும் தனியாகப் பார்த்து, என் நம்பரைப் பார்க்காமல் வேறு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டு பேர் பார்த்தால் இப்படித்தான் செய்ய வேண்டுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் நான் ஷிப்டை மாற்றிக்கொண்டேன். கட்டில் பக்கமே போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸை வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் இறால் மீசையை ஆட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஒன்று. பத்தரைக்கு மேல் வாலோரத்தில் புள்ளிகள் பெருக்க ஆரம்பித்தன. பதினோரு மணிக்குப் பாதி சிவப்பு. பன்னிரண்டுக்கு முழுக்கச் சிவந்துவிட்டது. இறால் மருந்து எவ்வளவு நேரமோ, நண்டு மருந்தும் அவ்வளவு நேரம்தான். மூன்று சனிக்கிழமையும் அதேதான். நீ கண்டுபிடித்த புதுசு எதுவும் இல்லை, பிலோ. இருந்ததெல்லாம் என் தூக்கம்.

மூன்றாவது சனிக்கிழமை ஜெனி வந்திருந்தாள். என்னோடு சரியாகப் பேசவில்லை. வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "விடுங்க சார். நைட் ஷிப்ட் பார்த்துட்டு வந்தவர் தூங்கிட்டீங்க. மனுஷன்தானே. தெரியாம நடந்தது."

அங்கேயே சரிங்க மேடம் என்று விட்டிருக்கலாம். எல்லாரும் அதை நம்பத் தயாராக இருந்தார்கள். ஜெனியிடமும் நான் அதைத்தானே சொன்னேன், மேடத்திடமும் அதைத்தானே சொன்னேன். தூங்கியவனை யாரும் பெரிய குற்றவாளி என்று சொல்ல மாட்டார்கள்.

"தெரியாம இல்லிங்க மேடம்" என்றேன். "ரெண்டாம் நாள் நான் தூங்கல."

இரண்டாம் நாள் என்ன நடந்தது என்றால், முதல் நாள் தூங்கிய பயத்தில் காபி மேல் காபியாகக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குச் சரியாகப் பார்த்தேன். பாதி சிவந்திருந்தது. நோட்டைப் பார்த்தால் முந்தின நாள் பதினோரு மணிக்கு ஒன்று என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இன்றைக்கு மூன்று என்று எழுதினால் நீ கேட்பாய். ஏன் இரண்டு நாளும் இப்படி மாறி வருகிறது என்று துருவுவாய். முதல் நாள் தூங்கியது வெளியே வரும். நான் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து கட்டத்திலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினேன். கண்ணால் பார்த்துவிட்டே எழுதினேன். மற்ற மணிகளுக்கும் முதல் நாள் மாதிரியே நிரப்பிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று. மூன்றாம் நாள் லென்ஸைத் தொடவே இல்லை.

இதை மேடத்திடமும் ஜெனியிடமும் சொன்னேன். அன்றைக்கு மூன்று என்று எழுதியிருந்தால் நீ கோபப்பட்டிருப்பாய், ஒரு வேளை சோறு போட்டிருக்க மாட்டாய். அடுத்த வாரமே மறுபடி நண்டு வாங்கி வந்து செய்திருப்பாய். அதற்குப் பிறகு உனக்கு எட்டு மாசம் இருந்தது. அதில் நாலு மாசம் உடம்பும் நன்றாக இருந்தது. வேறு ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பாய். உன்னால் முடிந்திருக்கும். அந்த நேரத்தையெல்லாம் இல்லாத ஒன்றைப் பெரிதாக்கி எழுதுவதில் செலவழிக்க வைத்தவன் நான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெனி உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கிராப்பைத் திறந்து மூன்று நாள் கோட்டையும் அழித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "ரெண்டாம் நாள் பதினோரு மணிக்கு நீங்க பார்த்தது என்னா? சொல்லுங்கப்பா, போடறேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் தடுத்துவிட்டார். "இல்லம்மா. அன்னைக்கு எழுதாததை இன்னைக்குப் போட முடியாது. அப்பா பார்த்தது நிஜமாவே இருக்கும். ஆனா நோட்டுல இல்லாதது ரீடிங் இல்ல. அந்தக் கட்டத்தைக் காலியாத்தான் விடணும்."

ஜெனி காலியாக விட்டாள். கட்டுரை வராது. புதுசாக ஒன்றும் இல்லாததை யார் போடுவார்கள்? நண்டு அத்தியாயத்தில் சனிக்கிழமை ரீடிங்கை மட்டும் வைத்து, முன்னால் எடுத்தவை நம்பத் தகுந்தவை அல்ல என்று ஒரு வரி சேர்த்து, யார் எடுத்தது என்பதையும் என் பெயரோடு போட்டு, தீசிஸை இரண்டு பிரதி பைண்டு பண்ணப் போகிறோம். ஒன்று மேடத்திடம், ஒன்று நம் வீட்டில். அந்த வரியை நானே எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் ஜெனி பஸ் ஏறும்போது, "காபி அதிகமாக் குடிக்காதீங்கப்பா" என்றாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பண்ணவில்லை. இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை, பார்ப்போம்.

மேடம் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நம்பர் எனக்குள்ளேயே இருக்கிறது, பிலோ. இரண்டு வருஷம் ஆகப் போகிறது, ஒன்றுகூட மறக்கவில்லை. அதை எழுதுவதற்கு இந்த உலகத்தில் வேறு தாள் இல்லை. கோயில் மலரில் இறால் கணக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டியவள் நீ.

வயல் நண்டு மருந்து. இரண்டாம் நாள். காலை பதினோரு மணி. முதல் கிண்ணம் மூன்று. இரண்டாவது மூன்று. மூன்றாவது மூன்று. நான்காவது நான்கு. ஐந்தாவது மூன்று.

நான் பார்த்தேன். எனக்கு சர்வீஸில் மிச்சம் இருக்கிற ஒரு வருஷமும், அதற்கு அப்பாலும், எழுந்து போய்ப் பார்க்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்ப மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் ஜெனியின் அப்பா,
சவரி